கூடங்குளத்திலிருந்து பழையகாயலுக்கு: கடலில் செத்த கால்நடைகளின் கணக்கு

கூடங்குளம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு அணு உலையின் குவிமாடங்கள்தான் நினைவுக்கு வரும். அந்த வட்டாரத்து விவசாயிகளைக் கேட்டால் முதலில் காற்றைத்தான் சொல்வார்கள். வைகாசியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக இறங்கத் தொடங்கும் மேல்காற்று, ஆவணி கடந்துதான் ஓயும். ராதாபுரம் வட்டாரம் முழுக்கக் காற்றாலைகள் நிற்பதற்கு அந்தக் காற்றே காரணம். மழை குறைவு. கிணற்றில் தண்ணீர் இருப்பவர் முருங்கையும் கொஞ்சம் காய்கறியும் வைத்திருப்பார். மற்ற நிலத்தில் பனையும் உடைமரமும்தான். காற்றாலை நிழலில் செம்மறிக் கூட்டம் மேய்வதை எந்தப் பாதையில் போனாலும் பார்க்கலாம். செவ்வாடு என்ற நாட்டு இனம் இந்தப் பக்கத்துக்கே உரியது. சிறிய உடம்பு, செம்மண் நிறம், வெயிலைத் தாங்கும் குணம். மானாவாரி பொய்த்த வருடத்தில் குடும்பத்தைக் காப்பாற்றுவது அந்த ஆடுதான்.

இந்தக் கரையில் 2023 செப்டம்பரில் ஒரு விபத்து நடந்தது. அணு உலைக்கு வேண்டிய இரண்டு பெரிய நீராவிக் கலன்களை ஏற்றித் தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து இழுத்து வந்த மிதவைக் கப்பல், கயிறு அறுந்து, கரைக்குப் பக்கத்திலேயே பாறையில் ஏறி நின்றுவிட்டது. நிபுணர்கள் வந்தார்கள், நாட்கணக்கில் வேலை நடந்தது. கலன்கள் அங்கேயே அசையாமல் இருந்தன. இரும்புக்குத் தண்ணீர் காட்ட வேண்டியதில்லை. அது எத்தனை நாள் வேண்டுமானாலும் காத்திருக்கும். அந்த மிதவையில் ஆயிரம் மாடுகள் நின்றிருந்தால் மூன்றாம் நாள் என்ன ஆகியிருக்கும் என்று மாடு வளர்ப்பவருக்குச் சொல்லித் தர வேண்டாம்.

உயிருள்ள சரக்கு கப்பலில் வந்த கடல்தான் இது. கூடங்குளத்திலிருந்து கிழக்கே கடற்கரைச் சாலையில் ஏறக்குறைய 80 கிலோமீட்டர் போனால் பழையகாயல் வரும். தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்துக்குப் பக்கத்து ஊர். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் அரபு நாட்டுக் குதிரைகள் ஆயிரக்கணக்கில் வந்திறங்கிய துறை அது. அந்தக் குதிரைகளில் எத்தனை செத்தன, செத்ததற்கு யார் பணம் கொடுத்தார்கள் என்பது வரை எழுத்தில் இருக்கிறது.

போகிற வழி விவசாயி பார்க்க வேண்டிய வழி. இடிந்தகரை தாண்டினால் மீனவ ஊர்கள் ஒரு பக்கம், செம்மணல் தேரி ஒரு பக்கம். சாலையை விட்டுச் சற்று உள்ளே போனால் இடையன்குடி. 1841-இல் அங்கு வந்து ஐம்பது ஆண்டுகள் தங்கிய கால்டுவெல்லை ஒப்பிலக்கணம் எழுதியவராகத்தான் பள்ளிப் பாடத்தில் படிக்கிறோம். அவர் கொற்கையிலும் காயலிலும் மண்ணைத் தோண்டிப் பார்த்தவரும்கூட. வெளிநாட்டுப் பயணிகள் குறிப்பிட்ட காயல் துறைமுகம் இந்தப் பழையகாயலே என்று நிறுவியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அங்கே சீனப் பீங்கான் உடைசல்கள் மண்ணில் கிடந்ததை அவர் எழுதியிருக்கிறார். உவரி, மணப்பாடு, குலசேகரன்பட்டினம் கடந்து திருச்செந்தூரை நெருங்கும்போது குதிரைமொழித் தேரி வரும். பெயரில் குதிரை இருக்கிறதே என்று உடனே கதை கட்டிவிடக் கூடாது. ஆனால் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் எவருக்கும் அந்த எண்ணம் வரத்தான் செய்யும்.

திருச்செந்தூர், காயல்பட்டினம் தாண்டி ஆத்தூர் வந்தால் நிலம் சட்டென்று மாறிவிடுகிறது. தேரியின் சிவப்பு போய் வாழையும் நெல்லும் வெற்றிலைக் கொடிக்காலும். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தாமிரபரணியின் கடைசித் தண்ணீர் பாயும் வயல்கள் இவை. இன்னும் கொஞ்ச தூரத்தில் பழையகாயல். இன்று அங்கே போனால் துறைமுகத்தின் அடையாளம் ஒன்றும் தெரியாது. ஆறு கொண்டுவந்து போட்ட வண்டலில் கடல் பின்வாங்கிவிட்டது. உப்பளங்களும் வாய்க்கால்களும்தான் கண்ணுக்குத் தெரியும். கடலைப் பார்க்க வேண்டுமானால் புன்னக்காயல் வரை போக வேண்டும்.

மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1290-களில், மார்க்கோ போலோ இந்தத் துறையைப் பற்றிச் சொன்னார். ஹோர்முஸ், கிஷ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரை ஏற்றி வரும் கப்பல்களெல்லாம் காயலில் வந்து நிற்கும் என்றார். அந்தக் கப்பல்கள் எப்படிப்பட்டவை என்றும் அவர் சொல்லியிருக்கிறார். இரும்பாணி இல்லாமல் தென்னங்கயிற்றால் தைத்த பலகைகள். மேல்தளம் கிடையாது. சரக்கை ஏற்றி, அதன் மேல் தோலைப் போர்த்தி, தோலின் மேல் குதிரைகளை நிறுத்துவார்கள். புயலில் பல கப்பல்கள் மூழ்கிவிடும். கூரை இல்லாமல், தரை நிலையில்லாமல், வாரக்கணக்கில் நின்றுகொண்டே வரும் ஒரு குதிரையின் கால் எந்த நிலையில் கரை சேர்ந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

கரை சேர்ந்தவையும் பிழைக்கவில்லை. மன்னர் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வாங்குவார், அவருடைய சகோதரர்களும் அப்படியே வாங்குவார்கள், ஆண்டு முடிவில் நூறு கூட மிஞ்சாது என்கிறார் மார்க்கோ போலோ. காரணமும் சொல்கிறார்: குதிரையைப் பராமரிக்கத் தெரிந்தவர், லாடம் அடித்து வைத்தியம் பார்க்கத் தெரிந்தவர் அந்த நாட்டில் இல்லை, விற்கிற வணிகர்களும் அப்படிப்பட்ட ஆட்களை அங்கே வரவிடுவதில்லை. குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் விற்க முடியும்!

பாரசீகத்தில் இருந்துகொண்டு 1300-ஐ ஒட்டி எழுதிய வஸ்ஸாஃப் என்ற வரலாற்றாசிரியர் தீவனக் கணக்கைத் தருகிறார். பச்சை வாற்கோதுமை தின்று பழகிய குதிரைக்கு இங்கே வறுத்த தானியமும், நெய் சேர்த்த தானியமும், காய்ச்சிய பசும்பாலும் கொடுத்தார்களாம். நாற்பது நாள் முளையில் கட்டிக் கொழுக்க வைத்து, பிறகு எந்தப் பழக்கமும் இல்லாமல் ஏறி ஓட்டுவார்களாம். நல்ல குதிரையும் கொஞ்ச நாளில் ஒன்றுக்கும் உதவாமல் போய்விடும் என்று முடிக்கிறார். வெளிநாட்டார் கேள்விப்பட்டு எழுதியதில் மிகை இருக்கலாம். ஆனால் இந்தத் தீவன விவரத்தைக் கால்நடை மருத்துவர் யாரும் கட்டுக்கதை என்று தள்ள மாட்டார். புல்லும் நார்த்தீவனமும் தின்ற குதிரைக்குத் திடீரென்று தானியத்தையும் கொழுப்பையும் கொட்டினால் வயிற்று வலி வரும், குளம்பு அழன்று நொண்டும். அன்பு மிகுந்து செய்த கொலை என்றுதான் சொல்ல வேண்டும்.

வஸ்ஸாஃப் தரும் பணக் கணக்கு இன்னும் முக்கியம். ஒரு குதிரைக்கு 220 பொன் தினார் என்று விலை பேசியிருந்தார்கள். வழியில் குதிரைக்குக் காயம் பட்டாலோ செத்தாலோ அந்த விலையை அரசுக் கருவூலமே கொடுத்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. ஆண்டுக்கு 10,000 குதிரைகள் இந்தியத் துறைகளுக்கு வந்ததாகவும், அதற்கான 22 லட்சம் தினார் கோயில் நிலங்களின் வருவாய் முதலியவற்றிலிருந்து கொடுக்கப்பட்டதாகவும் எழுதுகிறார். பத்தாயிரம் என்பது மிகையான எண் என்று பாதியாக, அதிலும் பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் விஷயம் மாறாது. கப்பலில் செத்த குதிரைக்கும் உயிரோடு இறங்கிய குதிரைக்கும் விலை ஒன்றே. அப்படியிருக்க, கூடுதலாக ஒரு பீப்பாய் நல்ல தண்ணீர் ஏற்றவோ, நெருக்கத்தைக் குறைத்து நாலு குதிரையை விட்டுவிட்டு வரவோ கப்பல்காரருக்கு என்ன அவசியம்? செத்த குதிரைக்கான பணம் கடைசியில் கோயில் நிலத்தை உழுதவன் அளந்த நெல்லிலிருந்துதான் போயிருக்கும்.

இப்போது அதே இந்தியப் பெருங்கடலில், குதிரைக்குப் பதிலாகச் செம்மறியும் மாடும் போகின்றன. ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் ஃப்ரீமாண்டில் துறைமுகத்தில் ஏற்றி, பூமத்திய ரேகையைக் கடந்து, வளைகுடா நாடுகளில் இறக்குகிறார்கள். ஒரு கப்பலில் அறுபதாயிரம் ஆடு வரை, அடுக்கடுக்கான தளங்களில். பயணம் இரண்டு மூன்று வாரம். ஒவ்வொரு பயணத்திலும் எத்தனை செத்தன என்ற எண்ணிக்கை அந்த நாட்டு நாடாளுமன்றத்துக்குப் போகிறது. வரம்புக்கு மேல் செத்தால் விசாரணை. செம்மறிக்கு அந்த வரம்பு நெடுங்காலம் நூற்றுக்கு இரண்டாக இருந்தது, 2018-க்குப் பிறகு ஒன்றாகக் குறைத்தார்கள். மாடுகளில் சாவு பொதுவாக இன்னும் குறைவு, ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு.

நூற்றுக்கு இரண்டு என்றால் சின்ன எண்ணாகத் தோன்றும். அது மூன்று வாரத்துக்கான எண் என்பதை மறந்துவிடக் கூடாது. வருடம் முழுக்க அதே வேகத்தில் செத்தால் நூறு ஆட்டில் முப்பது போய்விடும். எந்தக் கிடைக்காரர் அதைப் பொறுப்பார்? கப்பலை விட்டு இறங்கிய பிறகு சாவது கப்பல் கணக்கில் சேர்வதும் இல்லை. காயலில் மார்க்கோ போலோ பார்த்த சாவு பெரும்பாலும் இறங்கிய பின் நடந்ததுதான்.

வரம்பும் விசாரணையும் இருந்தும் பெரிய சாவுகள் நடந்தன. 2003-இல் கார்மோ எக்ஸ்பிரஸ் என்ற கப்பல் ஏறக்குறைய 58,000 ஆடுகளோடு சவூதி அரேபியாவுக்குப் போயிற்று. வாய்ப்புண் நோய் இருக்கிறது என்று சொல்லி இறக்க விடவில்லை. வேறு நாடுகளும் ஏற்கவில்லை. இரண்டரை மாதத்துக்கு மேல் கடலிலேயே கிடந்து, கடைசியில் எரித்திரியா வாங்கிக்கொண்டது. அதற்குள் 5,500-க்கு மேல் செத்துவிட்டன. 2017 ஆகஸ்டில் அவாசி எக்ஸ்பிரஸ் கப்பலில் சுமார் 2,400 ஆடுகள் வெக்கையில் வெந்து செத்தன. கப்பலில் வேலை பார்த்த ஒருவர் எடுத்த படம் மறு ஆண்டு தொலைக்காட்சியில் வந்த பிறகுதான் வரம்பு குறைந்தது, வடக்கின் கோடை மாதங்களில் ஆடு ஏற்றத் தடை வந்தது. 2020 செப்டம்பரில் நியூசிலாந்திலிருந்து சீனாவுக்குப் புறப்பட்ட கல்ஃப் லைவ்ஸ்டாக் 1 புயலில் சிக்கி ஜப்பான் பக்கம் மூழ்கியது. 5,867 மாடுகள் போயின. 43 மாலுமிகளில் இருவரே பிழைத்தார்கள். நியூசிலாந்து 2023 ஏப்ரலோடு கால்நடையைக் கடல்வழி அனுப்புவதை நிறுத்தியது. ஆஸ்திரேலியா 2028 மே மாதத்தோடு செம்மறியை அப்படி அனுப்புவதை நிறுத்தச் சட்டம் செய்திருக்கிறது.

கப்பல் மூழ்குவதும் திருப்பி அனுப்பப்படுவதும் எப்போதோ நடப்பவை. சாதாரணப் பயணத்தில் ஆடு எதனால் சாகிறது என்பதுதான் நமக்குப் பயன்படும் விஷயம். ஆஸ்திரேலிய மருத்துவர்கள் செத்த ஆடுகளை அறுத்துப் பார்த்ததில் முதலிடம் பட்டினிக்கு. தொட்டி நிறையக் குச்சித் தீவனம் இருக்கும், ஆடு தொடாது. பிறந்தது முதல் மேய்ந்தே வளர்ந்த ஆட்டுக்கு அது தீவனம் என்றே தெரிவதில்லை. இரண்டு மூன்று நாள் வெறும் வயிறாக நின்றதும் குடலில் சால்மோனெல்லா கிருமி பெருகி, கழிச்சல் வந்து விழுந்துவிடும். அதனால்தான் ஏற்றும் முன்பே கரையில் சில நாள் நிறுத்திக் கப்பல் தீவனத்தைப் பழக்குகிறார்கள். அப்படியும் பழகாதவை செத்தன.

இரண்டாவது வெக்கை. வெயிலைவிடக் காற்றின் ஈரம்தான் ஆபத்து. ஆடு வாயைத் திறந்து இளைத்து, மூச்சில் நீராவியை விட்டு உடம்பைக் குளிர்விக்கிறது. சுற்றிலும் காற்றே நீராவியாக இருந்தால் எவ்வளவு இளைத்தாலும் சூடு இறங்காது. ஆட்டுத் தளங்களைப் பயணத்தில் கழுவுவதில்லை. காய்ந்த புழுக்கை மெத்தையாக இருக்கும் வரை நல்லது. ஈரக்காற்றில் அது சேறாகிவிட்டால் ஆடு அதில் புதைகிறது, அம்மோனியா நெடி கண்ணையும் நுரையீரலையும் எரிக்கிறது. மாட்டுக்கு நுரையீரல் நோயும் கால் நொண்டலும்தான் அதிகம். பயணத்தில் களைத்த மாட்டுக்கு வரும் நிமோனியாவுக்குப் பாடப்புத்தகத்தில் ஷிப்பிங் ஃபீவர் என்றே பெயர். இதில் நம் நாட்டுக்கு ஒரு பெருமை சேர்த்துச் சொல்லலாம். திமில் உள்ள மாடு திமில் இல்லாத சீமை மாட்டைவிட வெக்கையை நன்றாகத் தாங்கும். வட ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலேறும் பிராமன் மாடுகள், 1933-இல் அமெரிக்காவிலிருந்து அங்கு போன இனம். அமெரிக்காவில் அந்த இனத்தை உருவாக்கியது நம் ஓங்கோல், கிர் போன்ற மாடுகளின் இரத்தத்தில்.

இதெல்லாம் கூடங்குளத்துக் கிடைக்காரருக்கு எதற்கு? இரண்டு காரணம். ஒன்று, கால்நடையை உயிரோடு ஏற்றுமதி செய்ய வழிசெய்யும் வரைவு மசோதா ஒன்றை ஒன்றிய அரசு 2023 ஜூனில் வெளியிட்டு, எதிர்ப்பு வந்ததும் அதே மாதத்திலேயே திரும்பப் பெற்றது. அந்தப் பேச்சு மறுபடி வராது என்று சொல்ல முடியாது. வரும்போது, விலை எவ்வளவு என்று கேட்கும் வாயாலேயே, வழியில் செத்தால் நட்டம் யாருடையது என்றும் கேட்க வேண்டும்.

இரண்டாவது காரணம் இன்றைக்கே உள்ளது. கூடங்குளத்துக்கு வடக்கே காவல்கிணறு நான்குவழிச் சாலையில் ஓர் இரவு நின்றால், கேரளத்துக்குப் போகும் மாட்டு லாரிகளைப் பார்க்கலாம். எட்டயபுரம், மேலப்பாளையம் சந்தைகளில் வாங்கிய ஆடுகள் சிறு வண்டிகளில் எல்லாத் திசைக்கும் போகின்றன. கப்பலில் நடக்கும் எல்லாமே லாரியிலும் நடக்கிறது: நெருக்கம், வெக்கை, தண்ணீர் இல்லாமை, தெரியாத தீவனம். எண்ணுவதற்குத்தான் ஆள் இல்லை. 40 ஆடு ஏற்றிய வண்டியில் ஒன்று செத்தால் நூற்றுக்கு இரண்டரை. அதுவும் ஒரே இரவில். அந்தக் கணக்கில் ஒரு கப்பல் போயிருந்தால் ஆஸ்திரேலியாவில் விசாரணை வந்திருக்கும். இங்கே வழியோரத்தில் இறக்கிப் போட்டுவிட்டு வண்டி போய்விடும்.

சட்டம் இல்லாமலில்லை. 1978-ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகளின்படி ஒரு சரக்கு லாரியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது. ஐந்து டன் வண்டியில் 40 ஆடுகளுக்கு மேல் கூடாது. பயணத்துக்குத் தகுதி உள்ளது என்று கால்நடை மருத்துவரின் சான்றும், வழிக்குத் தீவனமும் தண்ணீரும் வேண்டும். ஆறு மாடு ஏற்றிய லாரியைப் பார்த்தவர்கள் கை தூக்கினால் எண்ணிவிடலாம்.

சந்தையில் கயிறு கை மாறியதும் நட்டம் வாங்கியவர் தலையில். வாங்குபவரும் பெரும்பாலும் இன்னொரு சிறு விவசாயிதான். எனவே வீட்டுக்கு வந்த ஆட்டைக் காப்பாற்றும் வேலை அவருடையது. “வாங்கி வந்த பத்தாம் நாள் ஆடு கழிந்து செத்துப்போகிறதே, ஏன்?” என்ற கேள்வி கால்நடை மருந்தகங்களில் ஓயாமல் கேட்கப்படுவது. ஊர் சேர்ந்ததும் பாவம், களைத்து வந்திருக்கிறதே என்று அரிசிக் கஞ்சியும் தவிடும் பிண்ணாக்கும் வைத்துவிடுகிறார்கள். காயல் குதிரைக்கு நடந்ததுதான் இந்த ஆட்டுக்கும் நடக்கிறது. முதலில் நிழலில் நிறுத்தி, கொஞ்சம் உப்பும் வெல்லமும் கரைத்த தண்ணீரைச் சிறுகச் சிறுகக் காட்ட வேண்டும். அன்றைக்குக் காய்ந்த சோளத்தட்டையோ கடலைக்கொடியோ போதும். உடைமரக் காய், வேலிமசால் என்று அது முன்பு தின்ற தீனியை விற்றவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தால் பாதி வேலை முடிந்தது. அடர்தீவனத்தை நாலாம் நாள் ஒரு கைப்பிடியில் தொடங்கி, பத்துப் பன்னிரண்டு நாளில் முழு அளவுக்குக் கொண்டுபோகலாம். மூன்று வாரம் பழைய மந்தையோடு சேர்க்கக் கூடாது. ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஊசி போட்டது தெரியாவிட்டால், ஆடு தீனி எடுத்துத் தெளிந்த பிறகு மருத்துவரைக் கேட்டுப் போட்டுவிட வேண்டும். மாடானால் தொண்டை அடைப்பான் தடுப்பூசி. பயணக் களைப்பில்தான் அந்த நோய் தலைதூக்கும்.

விற்கிறவரும் செய்யக்கூடியது உண்டு. எடை கூடட்டும் என்று ஏற்றுவதற்கு முன் வயிறு முட்டத் தவிடு வைப்பதை விட வேண்டும். நிறைசினை ஆட்டை வண்டியேற்றக் கூடாது. வண்டியில் மணலோ வைக்கோலோ பரப்ப வேண்டும். வழுக்கி விழுந்த ஆட்டின் மேல் மற்றவை மிதித்துத்தான் பல சாவுகள் நடக்கின்றன. வெயில் தாழப் புறப்பட்டு விடிவதற்குள் போய்ச் சேர்வது நல்லது.

காப்பீடு செய்திருப்பவர்கள் பத்திரத்தை ஒருமுறை முழுக்கப் படிக்கவேண்டும். காதில் வில்லை இல்லாவிட்டால் இழப்பீடு கிடையாது. வண்டியில் ஏற்றும்போது வில்லை அறுந்து விழுந்தால், அன்றே எழுதிக் கொடுத்து மாற்று வில்லை வாங்கிவிட வேண்டும். பல மாட்டுக் காப்பீட்டுப் பத்திரங்களில், எந்தச் சாவுக்குப் பணம் தரமாட்டோம் என்ற பட்டியலில், கடல்வழியாகவும் வான்வழியாகவும் கொண்டுபோகும்போது நேரும் சாவு என்று ஒரு வரி இருக்கிறது. அந்தப் பட்டியலிலேயே தரைவழிப் பயணத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று, ஆட்டையோ மாட்டையோ வண்டியேற்றும் முன் முகவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.